கேட்பதற்கு முன்பே வைத்துவிட்ட குக்கீ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு சட்டத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'இனி எல்லா இணையதளங்களும் குக்கீ பேனர் வைத்தே ஆக வேண்டும்' என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். குக்கீ பேனர் என்பது, ஒரு தளத்தைத் திறந்ததும் 'குக்கீ வைக்கலாமா?' என்று கேட்டு வரும் பெட்டி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நமக்கும் ஒண்ணு போட்டு விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார்கள். பேனரைப் போட அரை மணி நேரம் போதும். போட்டுவிட்டால் சட்டப்படி நடந்துவிட்டோம் என்று அவர்கள் நிம்மதியாகிவிடுவார்களே, அதுதான் என் கவலை.

நான் திருப்பூரில் பதினான்கு வருடமாக இணையதளம் செய்து கொடுக்கிறேன். நானும் இன்னொரு பெண்ணும்தான் மொத்த ஆபீஸும். பனியன் கம்பெனிகள், பிரிண்டிங் யூனிட்டுகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு பல் டாக்டர், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் குக்கீயை வைக்கிற கை என்னுடையது. எதற்குச் சம்மதம் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டியதில்லை என்பதை வேலையில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

குக்கீ என்பது, ஒரு தளம் நம் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும் சின்னக் குறிப்பு. பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழையும்போது பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்களே, அது மாதிரி. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வந்தவர் அதே ஆள்தானா என்று இணையதளத்துக்குத் தானாகத் தெரியாது. கூடையில் எதைப் போட்டோம் என்பதையும் மறந்துவிடும். அதற்காகத்தான் 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மோன்டூலி என்பவர் இதைக் கண்டுபிடித்தார். பை டோக்கனுக்கு யாரும் நம்மிடம் கையெழுத்து வாங்குவதில்லை. வாங்கவும் தேவையில்லை, பையை நாம்தானே நீட்டினோம். ஆனால் அந்த டோக்கன் நம்பரை வைத்து, அடுத்து எந்த நகைக்கடைக்குப் போனோம், எந்த டாக்டர் வீட்டுப் படி ஏறினோம் என்று ஓர் ஆள் பின்னாலேயே வந்து எழுதிக்கொண்டிருந்தால் சும்மா இருப்போமா? இரண்டுக்கும் பெயர் குக்கீதான். சட்டம் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. கட்டுரையில் விட்டுப்போனதும் இதுதான்.

எனக்கு இது புரிந்தது 2019 கடைசியில். குழந்தைகளுக்கான நைட் டிரஸ் தைத்து, சொந்தத் தளத்திலேயே ஜெர்மனிக்கு விற்கும் ஒரு கம்பெனிக்கு நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே அவர்களுக்கு விற்பனையைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எங்கள் தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, அதில் ஒரு சின்னக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். 'குக்கீகளுக்குச் சம்மதிக்கிறேன்' என்ற கட்டம். அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. போட்டது நான்தான். அப்படிப் போடுவதுதான் அப்போது எல்லாரும் செய்த வழக்கம்.

கம்பெனி முதலாளி அண்ணா என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க அம்மிணி, நம்ம ஆபீஸ் அவிநாசி ரோட்டுல இருக்குது. அவுங்க ஊருச் சட்டம் நம்மளை என்ன பண்ணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் விலையை யூரோவில் போட்டிருந்தோம், ஜெர்மன் மொழியில் பக்கம் இருந்தது, ஹாம்பர்க்குக்கு இத்தனை நாளில் டெலிவரி என்று எழுதியிருந்தோம். அங்கே இருக்கிறவர்களை நோக்கிக் கடை விரித்தால், கடைக்காரர் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அவரைத் தொடும். அதன் 3-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது.

அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. பிளானட்49 என்ற கம்பெனி 2013-இல் ஜெர்மனியில் ஆன்லைன் பரிசுக் குலுக்கல் ஒன்றை நடத்தியது. கலந்துகொள்ள வந்தவர் முன்னால் இரண்டு கட்டங்கள். அதில் ஒன்று, அவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார் என்று பார்த்து விளம்பரம் காட்டும் குக்கீக்கான சம்மதம். அந்தக் கட்டத்தில் டிக் முன்கூட்டியே போட்டிருந்தது. வேண்டாம் என்றால் அவர்தான் எடுத்துவிட வேண்டும். ஜெர்மன் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்புச் சொன்னது: யாரோ போட்டுவைத்த டிக்கை எடுக்காமல் விட்டது சம்மதம் ஆகாது, அவராகவே ஒரு செயலைச் செய்து சம்மதம் தர வேண்டும். கூடவே இன்னும் இரண்டு விஷயங்களையும் சொன்னது. குக்கீயில் இருப்பது தனிநபர் தகவலா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஒருவருடைய சாதனத்துக்குள் எதையாவது வைத்தாலோ அதிலிருந்து எடுத்தாலோ கேட்க வேண்டும். அந்தக் குக்கீ எத்தனை நாள் இருக்கும், வேறு யாரெல்லாம் அதைப் படிக்க முடியும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் வைக்க இரண்டே விலக்குகள்தான். அவை 2002-ஆம் வருட ஐரோப்பிய விதியில், 2009-இல் திருத்திய 5(3) பிரிவில் இருக்கின்றன. செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவதற்காக மட்டும் தேவைப்படுவது ஒன்று. பயன்படுத்துபவரே கேட்ட சேவையைக் கொடுக்கக் கட்டாயம் தேவைப்படுவது இன்னொன்று. கட்டாயம் என்பது கடைக்காரருக்குக் கட்டாயமாக இருந்தால் போதாது, வந்தவர் கேட்டதைச் செய்துகொடுக்கக் கட்டாயமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை அண்ணாவுக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. "எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியாம நான் எப்படி வியாபாரம் பண்றது?" என்றார். அவருக்கு அது தேவைதான். நைட் டிரஸ் வாங்க வந்த அம்மாவுக்கு அது தேவையில்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோமில் பழைய குக்கீ எதுவும் இல்லாத புது கெஸ்ட் ஜன்னல் திறந்து, தளத்துக்குப் போய், எதையும் தொடாமல் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் என்ற இடத்தில் குக்கீஸ் பட்டியலைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். எங்கள் தளத்தில் 31 இருந்தன. அந்த 31-இல் நான் தெரிந்து வைத்தவை 6. கூடைக்கு ஒன்று, லாகினுக்கு ஒன்று, பணம் கட்டும் இடத்தில் பாதுகாப்புக்கு இரண்டு, வந்தவர் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒன்று, குக்கீ பேனரில் அவர் சொன்ன பதிலை ஞாபகம் வைக்க ஒன்று. இவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

மற்ற 25? ஒரு வீடியோவைப் பக்கத்தில் பதித்திருந்தோம், அதோடு வந்தவை சில. மேப்போடு வந்தவை, சாட் பெட்டியோடு வந்தவை, வருகையை எண்ணும் பிளக்இன்னோடு வந்தவை, விளம்பர பிக்சலோடு (வந்தவரைப் பற்றி விளம்பர கம்பெனிக்குத் தகவல் அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத புரோகிராம் துண்டு) வந்தவை. எனக்கு முன்னால் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு விளம்பர ஏஜென்சி, கணக்கு முடித்துப் போய் இரண்டு வருடம் ஆகியும், அவர்கள் வைத்த புரோகிராம் துண்டு உள்ளேயே கிடந்து குக்கீ வைத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் குழந்தைக்கு உடுப்பு வாங்க வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் யாருக்கோ தகவல் போய்க்கொண்டிருந்தது. அதை அண்ணாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது.

25-இல் 16 எதற்கென்றே யாருக்கும் தெரியவில்லை, தூக்கிப் போட்டேன். மிச்சம் 9. அந்த ஒன்பதுக்கு மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. பேனர் மூன்று வரியில் முடிந்தது. 'வேண்டாம்' பட்டன், 'சரி' பட்டன் இருக்கும் அதே அளவு, அதே வரிசை. யாராவது சரி என்று அழுத்தும்வரை அந்த ஒன்பதும் ஓடாது. பிறகு மனம் மாறினால் பக்கத்தின் அடியில் ஒரே கிளிக்கில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று ஜிடிபிஆர் சொல்கிறது. இந்தப் பட்டன் விஷயத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பர் 31 தேதியிட்ட உத்தரவில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது.

இதெல்லாம் வெளிநாட்டு வியாபாரிகளின் தலைவலி என்று நான்கூட ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் என் நாத்தனார் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என்னைத் தனியாக நிறுத்தி ஒரு விஷயம் சொன்னாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளும் அவள் வீட்டுக்காரரும் முடிவெடுத்திருந்தார்கள். வேறு யாருக்கும் சொல்லவில்லை. அவளுடைய போன் ரிப்பேரில் இருந்ததால், வீட்டு டேப்லெட்டில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் தளத்தைத் திறந்து, எவ்வளவு செலவாகும் என்று பார்த்திருக்கிறாள். பார்த்ததும் ஹிஸ்டரியைக்கூட அழித்துவிட்டாள். பெயரோ நம்பரோ எங்கும் கொடுக்கவில்லை. அந்த டேப் கொரோனா சமயத்தில் கொழுந்தனார் பையனின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது. இப்போது அதில், அதே பிரவுசரில்தான், அவள் மாமியார் சீரியல் பார்க்கிறார்.

இரண்டு நாள் கழித்து, சீரியல் நடுவில் அந்த மையத்தின் விளம்பரம். குழந்தையின்மைக்கு முதல் ஆலோசனை இலவசம் என்று. அடுத்த நாளும் அதே விளம்பரம். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மாமியார், தட்டைப் பார்த்தபடியே, "ஆஸ்பத்திரிக்கு ஏதாவது போறீங்களா?" என்று கேட்டாராம்.

"அந்த டேபுக்கு எப்படி அண்ணி தெரிஞ்சுது?" என்றாள்.

ஹிஸ்டரியை அழித்தாலும் குக்கீ அப்படியே இருக்கும், அது தனியாக டிக் செய்து அழிக்க வேண்டியது என்று அவளிடம் சொன்னேன். சொன்னபோதே, அவள் செய்யாத தப்புக்கு அவளையே குறை சொல்கிற மாதிரி எனக்குப் பட்டது. அன்று ராத்திரி அந்தத் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தினேன். நான் எதையும் தொடுவதற்கு முன்பே 23 குக்கீகள். மூன்று வெவ்வேறு விளம்பர கம்பெனிகளின் பிக்சல்கள் ஓடி முடித்திருந்தன. அடியில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தத் தளத்தைத் தொடர்ந்து பார்த்தால் நீங்கள் சம்மதித்ததாக அர்த்தம். அவள் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். அதைப் படித்திருக்க மாட்டாள். படித்திருந்தாலும் பயனில்லை. கேள்வி திரையில் வருவதற்குள் பதிலை அவர்களே எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தத் தளத்தில் பேனர் இருந்தது. 'எல்லாரும் பேனர் வைக்க வேண்டும்' என்று எழுதினால் எனக்கு ஏன் பதறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

நம்முடைய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இல் குக்கீ என்ற சொல்லே கிடையாது. அது ஐரோப்பிய விதி மாதிரி சாதனத்துக்குள் என்ன வைத்தாய் என்று கேட்காது. அடையாளம் காணக்கூடிய ஓர் ஆளைப் பற்றிய தரவா என்றுதான் கேட்கும். 'தமிழ்ப் பக்கம் காட்டு' என்பதை மட்டும் ஞாபகம் வைக்கும் குக்கீ இதற்குள் வராது. உங்களுக்கென்று ஒரு நம்பர் கொடுத்து, உங்கள் வருகைகளையெல்லாம் அந்த நம்பரின் கீழ் சேர்த்துவைக்கும் குக்கீ வரும் என்றுதான் நான் படித்துப் புரிந்துகொண்டேன். வந்தால், 6-ஆவது பிரிவின்படி சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக, நிபந்தனையில்லாததாக, சந்தேகத்துக்கு இடமில்லாததாக, தெளிவான ஒரு செயலால் கொடுத்ததாக இருக்க வேண்டும். 'தொடர்ந்து பார்த்தால் சம்மதம்' என்பது இதில் எதிலும் தேறாது. அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். டெலிமெடிசின் ஆப் ஒன்று, மருத்துவச் சேவைக்கான தகவலோடு போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் கேட்கிறது. அந்தப் பெண் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார். அப்படியிருந்தும் தொடர்பு எண்களுக்கு அந்தச் சம்மதம் செல்லாது, ஏனென்றால் மருத்துவச் சேவைக்கு அவை தேவையில்லை. கட்டுரையில் இந்த உதாரணம் வந்திருந்தால் வாசகர்களுக்கு எவ்வளவோ தெளிந்திருக்கும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது. என்னிடம் இருக்கும் இரண்டு பள்ளித் தளங்களிலும் விளம்பர பிக்சலை எடுத்துவிட்டேன். அட்மிஷன் சமயத்தில் ஒரு தாளாளர் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. சம்மதம் பற்றிய பகுதிகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். சம்மத விதிகளை மீறினால் அபராதம் 50 கோடி ரூபாய்வரை போகலாம். அதுவரை நேரம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் பயம் வேறு. அந்த 18 மாதத்தில் நாம் ஐரோப்பாவின் பேனரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கேயே ஜனங்கள் படிக்காமல் 'அக்செப்ட்' அழுத்தி அழுத்திச் சலித்துவிட்டார்கள். 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே விதியைத் திருத்த முன்மொழிந்திருக்கிறது: ஆபத்து குறைந்தவற்றுக்குக் கேட்க வேண்டாம், மறுக்க ஒரே கிளிக், மறுத்தவரை ஆறு மாதத்துக்குத் திரும்பக் கேட்கக் கூடாது. இங்கே நாம் கூடைக் குக்கீக்கும் பேனர், ஒன்றுமே வைக்காத தளத்துக்கும் பேனர் என்று ஊரெல்லாம் தொங்கவிட்டால், நிஜமாகக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும்போது யாரும் நின்று படிக்க மாட்டார்கள். என்னிடம் கேட்ட மூவரில் ஒருவருடைய தளம் நான்கு பக்கம், ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். அதில் ஒரு குக்கீயும் இல்லை. அவருக்கு எதற்குப் பேனர்?

நம் சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, ஐரோப்பாக்காரர்களிடம்கூட நான் இதைப் பெருமையாகச் சொல்வேன். சம்மதம் கேட்கும்போது அதை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் எந்த மொழியிலோ படிக்கிற வாய்ப்பைத் தர வேண்டும். 22 மொழிகள். தமிழ் அதில் ஒன்று. 'தமிழில் கேள்' என்று சொல்ல என் நாத்தனாருக்கு உரிமை உண்டு. நான் இப்போது போடும் பேனரில் 'குக்கீகள் மூலம் உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்' என்றெல்லாம் எழுதுவதில்லை. 'நீங்கள் இங்கே எதைப் பார்த்தீர்கள் என்று இந்த இரண்டு விளம்பர கம்பெனிகளுக்குச் சொல்லலாமா? 90 நாள் வைத்திருப்பார்கள்' என்று எழுதி, கம்பெனி பெயர்களையும் போட்டு, கீழே 'சொல்லலாம்', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன் வைக்கிறேன். இப்படிக் கேட்டால் நிறைய பேர் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம்.

கடைசியாக, தங்கள் நாளிதழின் தளம். இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஞாயிறு கட்டுரையை இணையத்தில் மறுபடி படிக்கலாம் என்று புது கெஸ்ட் ஜன்னலில் திறந்தேன். எதையும் தொடுவதற்கு முன் 58 குக்கீகள். பேனர் ஆங்கிலத்தில். பட்டன் ஒன்றே ஒன்று, 'ஓகே'. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காலையில் வீட்டுக்கு வரும் தாளில் நகைக்கடை விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வருகிறது. நான் யார், நேற்று எங்கே போனேன் என்று தெரிந்துகொண்டா அதை அச்சடிக்கிறீர்கள்? படிக்கிற பக்கத்தைப் பார்த்து விளம்பரம் போடும் அதே முறையைத் தளத்திலும் செய்யலாம். அதற்குப் பின்தொடரும் குக்கீ வேண்டியதில்லை. 58-இல் எத்தனை யாருக்கும் தேவையில்லாமல் கிடக்கின்றன என்று தங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவரை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். மிச்சத்துக்குத் தமிழில் கேளுங்கள், வாசகர் பதில் சொல்லும்வரை எதையும் வைக்காதீர்கள். அந்தத் தமிழ் வரிகளை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.